இரண்டாம் பத்தியில் வராத குரல்

அத்தியாயம் 11

ஓட்ஸ் கதிர்க்கட்டை வேலிக் கம்பத்தின் உச்சியில் கட்டிவிட்டு ஹால்வர் தொழுவத்துக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் பறவைகளுக்கு வைக்கும் விருந்து அது.

மார்கிட் சமையலறை ஜன்னலருகே நின்று, அவன் முதுகு தொழுவத்துக் கதவுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கட்டு ஏற்கெனவே சரிந்து தொங்கியது. அவிழ்த்து மறுபடி கட்டினாள். கையுறை போட்டால் முடிச்சு விழவில்லை. கழற்றினால் விரல் மரத்துப்போனது. ஒருவழியாக முடித்துவிட்டு உள்ளே வந்து, அடுப்பின் மேல் கைகளை நீட்டிக்கொண்டு நின்றாள்.

மேசையில் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்த மகள் சிக்னே நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா பார்த்துட்டா?"

"பார்க்க மாட்டார்."

"எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

மார்கிட் கைகளைப் புரட்டிக் குளிர் காய்ந்தாள். ஒன்றரை வருடமாக ஹால்வரின் கைகள் நடுங்குகின்றன. அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை. அவன் அடித்த ஆணியை அவன் அந்தப் பக்கம் போனதும் பிடுங்கி அடிப்பாள். அவன் போட்ட தாழ்ப்பாளை இன்னொரு தடவை போடுவாள். ஒரு ஆள் வேலையை இரண்டு பேர் செய்வதால் இரட்டிப்புக் களைப்பு. அதை மறைக்க இன்னும் கொஞ்சம்.

ஆனால் இன்றைக்கு அவள் மனதில் இருந்தது வேறு. போன சனிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறைக்கு வீடு திரும்பிய சிக்னே கொண்டுவந்த செய்தி. ரயிலடியில் தானியக் கிடங்கின் சுவரில் ஒரு ஏல அறிவிப்பு ஒட்டியிருந்ததாம். ஜனவரி மாதம். பசுக்கள், கலப்பைகள், அறுவடை எந்திரம், வீட்டுச் சாமான்கள். கீழே பெயர்: குன்வோர் ஸ்கார்.

மார்கிட்டின் ஒரே தங்கை.

இரண்டு மைல் தள்ளி இருக்கும் சொந்தத் தங்கை பண்ணையை விற்கப்போகிறாள் என்பதை ஊர்ச் சுவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. அக்டோபரிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாம் டெலிபோனால் வந்தது.

அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணிக் கணக்கு. மார்கிட்டுக்கு ஒரு நெடில் இரண்டு குறில். மணி யாருக்கு அடித்தாலும் எல்லா வீட்டிலும் அடிக்கும். யார் பேசினாலும் யார் வேண்டுமானாலும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். கேட்கவும் கேட்டார்கள். ஆனால் கேட்டதாக ஒருவரும் ஒத்துக்கொண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனதை லைனில் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் அம்மா சொல்லும்போது வாயைப் பிளப்பார்கள்.

கேட்பவர் யாரென்று கண்டுபிடிப்பதும் பெரிய காரியமில்லை. ஓலினே வீட்டில் கூண்டுக்குருவி கத்தும். தனிக்கட்டையான மக்லாஹன் கிழவர் இருமுவார். குன்வோர் வீட்டுக் கடிகாரம் ஓட்டைத் தகரத்தைத் தட்டினமாதிரி அடிக்கும். தவிர, ரிசீவர் எடுக்க எடுக்க லைனில் சக்தி குறையும். பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள் போய்விட்டால், ஊரே காதை வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் பனி விழுந்த அன்று மத்தியானம், கதிரடிப்பு முடிந்த அலுப்பில், மார்கிட் தன் சிநேகிதி ஓலினேவிடம் மனதைக் கொட்டிவிட்டாள். குன்வோரின் புருஷன் இறந்து மூன்று வருடமாகிறது, மூன்று வருடமாக அவளை நாங்கள்தான் சுமக்கிறோம், ஹால்வர் இரண்டு வீட்டுக்கும் உழைக்கிறான், அவனுக்கோ கை ஓடவில்லை, அவன் செய்வதில் பாதியை நான் பின்னாலேயே போய்த் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது, ஒரு குழந்தையை மேய்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

சொல்லி முடித்த நேரத்தில் லைனில் தகரச் சத்தத்தில் மணி அடித்தது. தங்கை வீட்டுக் கடிகாரம். உடனே ரிசீவரை மாட்டும் சத்தம்.

மறுநாள் ஹால்வர் வந்து, குன்வோருக்கு இனிமேல் நம் உதவி வேண்டாமாம் என்றான்.

மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் எப்படிக் கேட்பது? "நீ ஒட்டுக்கேட்டாயே, அதற்கு மன்னித்துக்கொள்" என்றா? கேட்டால் தங்கையைத் திருடி என்று சொன்னமாதிரி. கேட்காவிட்டால் தான் கல்நெஞ்சுக்காரி. பத்து வாரமாக மார்கிட் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். குன்வோர் தனியாகவே விறகு பிளந்தாள், தனியாகவே பசுக்களைக் கறந்தாள். கடைசியில் ஏல அறிவிப்பு ஒட்டிவிட்டாள்.

இன்றைக்குச் சாயங்காலம் கழுதைப் பாட்டு வேறு இருந்தது.

அது அந்தப் பக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் மனப்பாடமான பழைய கிறிஸ்துமஸ் பாட்டு. மரியாளைச் சுமந்துவந்த கழுதை, குழந்தை பிறந்த இரவில் அசதியில் தூங்கிப்போய், தேவதூதர்களையே பார்க்காமல் விட்ட கதை. எட்டுப் பத்திகள். சிக்னே கைக்குழந்தையாக இருந்த வருடம் பனிப்புயலில் பள்ளிக்கூட விழா நின்றுபோனது. பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அக்காவும் தங்கையும் தத்தம் சமையலறையில் நின்று, லைனில் எல்லோருக்குமாக அந்தப் பாட்டைப் படித்தார்கள். ஒரு பத்தி அக்கா, ஒரு பத்தி தங்கை. அடுத்த வருடம் புயல் இல்லை, இருந்தாலும் எல்லோரும் கேட்டார்கள். அதிலிருந்து கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, மாலைக் கறவைக்கு முன்னால், எல்லா வீட்டுக்குமான ஒரே நெடிய மணி அடிக்கும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஊர் வெட்கப்படாமல் ரிசீவரை எடுக்கும்.

இந்த வருடம் இரண்டாம் பத்திக்குத் தங்கை குரல் வருமா?

பதினோரு மணிக்கு ஓலினே கூப்பிட்டாள். லைனில் பல காதுகள் இருந்ததால் இருவரும் பட்டும் படாமலும் பேசினார்கள். பண்டிகைக்கான உலர்ந்த மீன் ஊறிவிட்டதா, எங்கள் வீட்டில் இன்னும் கல்லாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்து, எதற்கும் பாட்டுப் புத்தகத்தைத் தானும் கையில் வைத்திருப்பதாக ஓலினே சொன்னாள். யாருக்காவது தொண்டை கட்டியிருந்தால் உதவுமே என்றாள்.

"யாருக்கும் தொண்டை கட்டல," என்றாள் மார்கிட்.

"எனக்குக் கட்டியிருக்கு," என்று நடுவில் ஒரு இருமல் சொன்னது. "யாரும் என்னைக் கேக்கல."

"நீங்க லைன்லயே இல்லையே, மக்லாஹன்," என்றாள் ஓலினே.

"ஆமா, இல்ல," என்று கிழவர் ரிசீவரை மாட்டினார்.

வேறொரு நாளாக இருந்தால் மார்கிட் சிரித்திருப்பாள்.

மத்தியானச் சாப்பாட்டில் சிக்னே பேச்சை எடுத்தாள். வண்டி பூட்டிக்கொண்டு போய்ச் சித்தியை நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம், பண்டிகை நாளில் வாசலில் வந்து நிற்பவர்களைத் துரத்தவா போகிறாள் என்றாள்.

ஹால்வர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வழியில் இருக்கும் பள்ளத்தில் பனி ஆழமாக இருக்கிறது என்றான்.

"நேத்து டவுனுக்குப் போனீங்களே."

"அது வேற வழி."

"அப்பா, அவங்க விக்கப்போறாங்க. எல்லாத்தையும். சித்தி நகரத்துல போய் யார் வீட்டுத் துணியைத் துவைக்கணும்?"

"வேண்டாம்னு சொன்னவ வீட்டு வாசல்ல போய் நிக்கச் சொல்றியா?" என்று அவன் எழுந்தான். காப்பிக் கோப்பை தட்டில் மோதிக் கடகடத்தது. இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவன் அறைக்குள் போனதும் சிக்னே தாழ்ந்த குரலில், அப்பாவுக்குச் சித்தி மேல் இவ்வளவு கோபம் எப்போது வந்தது என்று கேட்டாள். மார்கிட்டுக்கும் அது புரியவில்லை. ஹால்வருக்குக் குன்வோர் என்றால் உயிர். சொந்தத் தங்கை மாதிரி. ஆனால் யோசிக்கத் தெம்பில்லை. கஞ்சிக்கு அரிசி போட வேண்டும், மீனை மறுபடி கழுவ வேண்டும், தரை துடைக்க வேண்டும். முதுகு நேராக நிற்க மறுத்தது. கழுதைக்காவது ஒரே ஒரு இரவு வேலை என்று தோன்றியது.

மூன்றரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. நாலுக்குச் சற்று முன்னால் ஹால்வர் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்து, தொழுவத்துக்குப் போட்டுக்கொள்ளும் கம்பளிப் பூட்ஸை எடுத்தான். வழக்கமாகப் பாட்டு முடியும்வரை அவன் இருப்பான். இன்றைக்கு முன்னாலேயே கிளம்பப்போகிறான் போலிருக்கிறது.

மார்கிட் சுவரில் இருந்த டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினாள். நீளமாக, நிறுத்தாமல், ஒரே மணி.

ரிசீவரைக் காதில் வைத்தாள். ஒவ்வொரு வீடாக எடுக்கும் சத்தம் கேட்டது. கூண்டுக்குருவி. இருமல். ஏதோ வீட்டில் குழந்தைகளை அதட்டும் சத்தம். யாரோ யாரையோ "மிதிக்காதே" என்றார்கள். எடுக்க எடுக்க எல்லாம் மெலிந்துகொண்டே போனது.

"எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து," என்றாள். தன் குரலே தனக்குத் தூரத்தில் கேட்டது. சிக்னே பக்கத்தில் வந்து ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டாள்.

மார்கிட் முதல் பத்தியைப் படித்தாள்.

வழிநெடுக அவளைத் தாங்கி வந்தது;
வாசல் சேர்ந்ததும் வைக்கோலில் சாய்ந்தது;
வானம் திறந்து பாட்டு வந்தபோது
வாய் பிளந்து உறங்கிக் கிடந்தது.

குழந்தைகள் சிரித்தார்கள். வாய் பிளக்கும் இடத்தில் வருடாவருடம் சிரிப்பார்கள்.



இரண்டாம் பத்தி குன்வோருடையது. லைன் காத்திருந்தது. கம்பியில் காற்று இரைந்தது. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது.

அப்போது தகரச் சத்தத்தில் நாலு மணி அடித்தது.

இருக்கிறாள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"யாராவது படிங்கப்பா," என்றார் மக்லாஹன். "என் காது ரிசீவரோட ஒட்டி உறைஞ்சிடும்."

யாரும் சிரிக்கவில்லை. ஓலினே தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் பத்தியின் முதல் வரியை ஆரம்பித்தாள். நல்ல மனசுக்காரி. ஊர் முன்னால் சிநேகிதியின் மானத்தை மூடப் பார்த்தாள். அப்படியே விட்டிருந்தால் எட்டுப் பத்தியும் முடிந்திருக்கும், எல்லோரும் மாட்டிவிட்டுக் கறக்கப் போயிருப்பார்கள், ஜனவரியில் ஏலமும் நடந்திருக்கும்.

"ஓலினே, நிறுத்து," என்றாள் மார்கிட்.

நின்றது.

"குன்வோர், நீ படிக்காட்டி பரவாயில்ல. நான் உன்கிட்ட பேசணும்." ஊரே கேட்கிறது. நேரில் போக வழியில்லை, ஹால்வர் வரமாட்டான். நாளைக்கு இந்தத் தைரியம் இருக்காது. "எல்லாரும் இருக்கீங்கன்னு தெரியும். இது பாட்டு இல்ல. இது எங்க ரெண்டு பேர் விஷயம். நீங்க இருந்தாலும் நான் பேசத்தான் போறேன்."

லைனில் ஒரு சின்னச் சத்தம்.

குருவியின் கீச்சு நின்றுவிட்டிருந்தது. ஓலினே மாட்டிவிட்டாள்.

பிறகு இன்னொரு வீடு. அதற்குப் பிறகு இரண்டு ஒரே சமயத்தில். எந்த வீட்டிலோ ஒரு பிள்ளை "கழுதை இன்னும் எழுந்திருக்கலையே" என்று அழுதது, பாதியிலேயே அந்த அழுகையும் போனது.

"எனக்கு எப்படியும் காது கேக்காது," என்றார் மக்லாஹன். "சரி, சரி, போறேன்."

பல வருடப் பழக்கத்தில், மூச்சுக்காட்டாமல் ஒட்டுக்கேட்டவர்கள், இந்தக் குளிர்காலத்திலேயே மிகச் சுவையான பேச்சு தொடங்கும் நேரத்தில் ஒவ்வொருவராக விலகினார்கள். ஒவ்வொரு ரிசீவர் மாட்டும்போதும் லைன் கொஞ்சம் தெளிந்தது. கடைசிச் சத்தத்துக்குப் பிறகு தங்கையின் மூச்சு, பக்கத்து அறையில் நிற்பவளின் மூச்சுபோல் கேட்டது.

சிக்னேவும் காதை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தாள்.

"குன்வோர்."

"ம்."

"அக்டோபர்ல நான் ஓலினேகிட்ட பேசினது. நீ கேட்டியா இல்லையான்னு நான் கேக்கல. நான் பேசினேன். பேசியிருக்கக் கூடாது. அதுக்காக நீ எல்லாத்தையும் வித்துட்டுப் போகாதே."

"என்ன பேசினே?"

மார்கிட்டுக்குச் சுருக்கென்றது. "அதை என் வாயால இன்னொரு தடவை வரவைக்கணுமா?"

"அக்கா, எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏன் கேக்கப்போறேன்?"

"உன்னை மூணு வருஷமா நாங்க சுமக்குறோம்னு சொன்னேன்."

குன்வோர், "சுமந்தீங்கதான்," என்றாள். அவள் குரலிலும் அலுப்பு. "அதுல என்ன பொய் இருக்கு? நான் கோவிச்சுக்கவே இல்ல. எந்த அன்னிக்குச் சொன்னே?"

"முதல் பனி விழுந்த அன்னிக்கு. மத்தியானம்."

"அன்னிக்கு நான் வீட்லயே இல்லையே. பல் பிடுங்க டவுனுக்குப் போயிருந்தேன். சாயங்கால ரயில்லதான் வந்தேன், வாய் நிறையப் பஞ்சோட."

"உன் கடிகாரம் அடிச்சுது. என் காதால கேட்டேன்."

"கடிகாரம் நான் இல்லாட்டியும் அடிக்கும்." குன்வோர் நிறுத்தினாள். மறுபடி பேசியபோது குரல் மெதுவாக வந்தது. "வீட்ல ஹால்வர் அத்தான் மட்டும்தான் இருந்தார். சமையலறைக் கதவுக்குக் கீல் மாத்த வந்தார்."

மார்கிட் பெட்டியின் கீழிருந்த பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாள்தான் அத்தான் வந்து சொன்னார்," என்றாள் குன்வோர். "நீ இனிமே அவரை அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டதா. அக்காவுக்கு நான் பாரமாயிட்டேன்னு நினைச்சேன். கேக்க வாய் வரல. நீயும் கூப்பிடல."

"என்கிட்ட நீதான் இனிமே வேண்டாம்னு சொன்னதா சொன்னான்."



"அக்கா, அன்னிக்கு அவரைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கத்திலிருந்து அசைவே இல்லை என்பது முதுகுக்குத் தெரிந்தது.

குன்வோர், பாட்டு பாதியில் நிற்கிறது, குழந்தைகள் காத்திருப்பார்கள், நான் மணி அடிக்கிறேன் என்றாள். வேறொன்றும் சொல்லாமல் மாட்டினாள்.

மார்கிட் ரிசீவரை மாட்டிவிட்டுத் திரும்பினாள். ஹால்வர் ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். இன்னொன்று கையில் இருந்தது.

"பாட்டு முடிஞ்சுதா?" என்றான்.

"இல்ல."

"அன்னிக்கு நீ பேசினதை நான் கடைசி வரைக்கும் கேட்டேன். நம்ம வீட்டு மணி அடிச்சுது. நமக்குத்தான் ஏதோ சேதின்னு எடுத்தேன். வெச்சிருக்கணும். வைக்கல."

"ஹால்வர்..."

"கிழக்கு வேலியில நான் அடிச்ச ஆணியெல்லாம்?"

"ஆமா."

"காலையில கட்டின கதிர்?"

அவள் தலையாட்டினாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். "என் கைக்கு முடியலன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தா உக்காந்திருப்பேன். இல்லாட்டி சண்டை போட்டிருப்பேன். நீ ஒளிஞ்சு வந்து செஞ்சே. நான் உழைச்ச நிலத்துல என் பின்னாடியே வந்து, என்னை அழிச்சுட்டே வந்திருக்கே. அதுக்கப்புறம் நான் குன்வோர் வீட்ல போய் எந்த மூஞ்சியோட சுத்தியலைப் பிடிக்கிறது? அதான் பொய் சொன்னேன். ரெண்டு பேர்கிட்டயும்."

"அவ பண்ணையே போகப்போகுது."

"தெரியும். தினம் காலையில அதோடதான் எழுந்திருக்கேன்."

அவன் மற்ற பூட்ஸையும் எப்படியோ மாட்டிக்கொண்டு, சிக்னே ஏற்றிவைத்திருந்த விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு சாத்தின காற்றில் மேசைமேல் இருந்த மாவு கொஞ்சம் பறந்தது.

அதே நேரம் நெடிய மணி அடித்தது. குன்வோர் ஊரைத் திரும்பக் கூப்பிட்டாள்.

யோசிக்காமல் மார்கிட் ரிசீவரை எடுத்தாள். எல்லா வீடும் ஓடிவந்து எடுக்கும் சத்தம். நடந்தது என்னவென்று யாரும் விசாரிக்கவில்லை. பிறகு, கிணற்றடியிலிருந்து வருவதுபோல் தங்கையின் குரல் வந்தது.

எழுப்பட்டுமா என்றான் மேய்ப்பன் ஒருவன்.
வேண்டாம் என்றாள் குழந்தையின் தாய்.
நடந்த கால்கள் கொஞ்சம் உறங்கட்டும்;
நாளைக்கும் நமக்குத் தூரம் இருக்கிறது.

மார்கிட்டின் முறை. ஜன்னல் வழியே பார்த்தாள். தொழுவத்துக்குப் போகும் பாதையில் விளக்கு பாதி வழியில் நின்றிருந்தது. நகரவில்லை.

ரிசீவரை மகள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனாள். பின்னால் சிக்னே முதலில் திணறி, பிறகு பள்ளிக்கூடக் குரலில் மூன்றாம் பத்தியை ஆரம்பித்தது கேட்டது.

ஹால்வர் விளக்கைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். குழந்தையை மேய்க்கிற மாதிரி என்று சொன்னது அவள் வாய். அதைத் திரும்ப எடுக்க முடியாது.

"நான் ரொம்பக் களைச்சிருந்தேன்," என்றாள். "அது காரணம் இல்ல. ஆனா களைச்சிருந்தேன்."

"நானும்தான்," என்றான் அவன்.

கதவு திறந்தது. சிக்னே வாசலில் நின்று கத்தினாள். நாலாவது பத்தியை ஓலினே படிக்கிறாளாம். சித்தி லைனில், யாராவது மீதியைப் படியுங்கள், நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மாட்டிவிட்டாளாம்.

"எப்படி வரா?" என்று கேட்டான் ஹால்வர்.

"கால்ல சறுக்குக் கட்டை கட்டிக்கிட்டுத்தான் வரணும். குதிரை லாயத்துல லாடமில்லாம நிக்குதுன்னு லைன்ல ஊரே பேசுதே."

"கோவமா வராளா, நல்லபடியா வராளா?"

"தெரியலப்பா. போறேன்னு மட்டும்தான் சொன்னாங்க." சிக்னே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஐந்தாம் பத்தி அவளுக்காகக் காத்திருந்தது.

ஹால்வர் மேற்கே பார்த்தான். வானத்தில் கொஞ்சம்தான் வெளிச்சம் பாக்கி. காற்று தரைப் பனியைக் கிளப்பத் தொடங்கியிருந்தது. பள்ளத்தைத் தாண்டும்போது இருட்டிவிடும்.

"எதிர்ல போய் ஏத்திட்டு வரணும்," என்றான். "நான்தான் அவகிட்ட சொல்லணும். நான் பொய் சொன்னேன்னு."

"ஏலத்தை நிறுத்துவாளா?"

"என் மூஞ்சியைப் பார்ப்பாளான்னே தெரியல."

தொழுவத்திலிருந்து குதிரையை வெளியே கொண்டுவந்து பனிவண்டியின் ஏர்க்கால்களுக்கு நடுவில் நிறுத்தினான். விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து வாரை இழுத்தான். கொக்கி துளையில் விழவில்லை. மறுபடி முயன்றான். வார் விரலிலிருந்து நழுவியது.

மார்கிட் வழக்கம்போல் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"திரும்பாதே," என்றான் அவன். "வந்து நீயே போடு. என் கண் முன்னாடி போடு."

அவள் கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, அவன் பக்கத்தில் குனிந்து வாரைப் பிடித்தாள். அவன் விளக்கை எடுத்து அவள் விரல்களுக்கு நேராக நீட்டினான். வெளிச்சம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் கொக்கியைப் போட்டாள்.

பள்ளத்துப் பக்கம் இன்னும் யாரும் தெரியவில்லை.